கன்னியம்மா கேட்ட சிவப்பு பிரிட்ஜ்

1

டொரான்டோவுக்குக் கிழக்கே ஸ்கார்பரோவில், வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு பெரிய கடையில் வேலை பார்க்கிறேன். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், அடுப்பு, பாத்திரம் கழுவும் மெஷின். இந்த மார்ச் மாதத்தோடு நான் கனடா வந்து பத்து வருஷம். அது நிறைந்த நாளில் வீட்டில் பாயசம் வைக்கலாம் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. அன்றைக்குத்தான் கடையின் முகத்தையே மாற்றினார்கள். வெள்ளை பிரிட்ஜுகளை எல்லாம் பின்பக்கச் சுவரோரம் தள்ளிவிட்டு, வாசல் பக்கம் முழுக்க எவர்சில்வர் கதவுகளை நிறுத்தினோம்.

எவர்சில்வர் என்றால் நமக்குத் தட்டு, டம்ளர், குடம். இங்கே ஆள் உயரத்துக்குக் கதவே அதில்தான். தொட்டால் விரல் ரேகை விழும். நாள் முழுக்க ஆளுக்கொரு துணியோடு துடைத்துக்கொண்டிருக்கிறோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாதாம் நிறம் என்று ஒன்று பின்பக்கம் கிடந்தது, வாங்க ஆளில்லாமல். அதற்கும் முன்னால் பாசிப்பச்சை அடுப்பும் கடுகு மஞ்சள் பிரிட்ஜும் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தனவாம். இப்போது ஒதுங்குவது வெள்ளையின் முறை.

அதே மாதம்தான் நாங்கள் வீடு வாங்க முடிவு செய்தோம். இத்தனை வருஷமும் வாடகைக் குடியிருப்பு. ஆகஸ்டில் சாவி கொடுப்பார்கள் என்றார்கள். சமையலறை காலியாக வரும், எல்லாவற்றையும் நாங்களே வாங்கிப் போட வேண்டும்.

"எவர்சில்வரே வாங்கிடலாம். நாளைக்கு வீட்டை விக்கும்போது அதைத்தான் முதல்ல பாப்பாங்க," என்றார் என் கணவர் முரளி.

எட்டு வயது மகள் ஓவியா இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். "வெள்ளை ஓல்ட்மா. எமிலி வீட்ல ஸ்டீல்." எமிலி அவள் வகுப்புத் தோழி.

அன்று பாத்திரம் கழுவும்போது ஒரு விஷயம் உறைத்தது. உத்திரமேரூரிலும் இங்கேயுமாக எத்தனையோ குடும்பங்களுக்கு பிரிட்ஜ் விற்றிருக்கிறேன். எனக்கென்று ஒன்றைப் பார்த்து எடுத்ததே இல்லை. பிறந்த வீட்டில் இருந்ததை அண்ணன் வாங்கினான். இங்கே வந்ததும் இருந்தது வாடகை வீட்டு உரிமையாளருடையது. அது போனதும் முரளியின் நண்பர் ஊர் மாறும்போது விட்டுப்போனது வந்தது. இந்த முறை நான்தான் எடுப்பது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். என்ன எடுப்பது என்றுதான் தெரியவில்லை.

2

என் ஊர் சாலவாக்கம் பக்கம். அப்பா கோவிந்தசாமி ஏரிப்பாசன நெல் விவசாயி. பட்டப்படிப்பு முடித்துவிட்டு, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டிவி, பிரிட்ஜ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"பொம்பள புள்ள கடையில நின்னுக்கினு பொட்டி விக்கறதா? ஊர்ல இன்னா பேசுவாங்க?"

கடை முதலாளி நாகராஜன் வேறு மாதிரி யோசித்தவர். விலையை ஆம்பளை பேசுவான், நிறத்தை முடிவு பண்ணுவது பொம்பளை, அதனால் கடையில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அது சரியாகவும் இருந்தது.

நான் சேர்ந்தபோது டிவி என்றால் மர நிறப் பெட்டி. சிலவற்றுக்கு இழுத்து மூடும் கதவுகூட உண்டு. அடுத்த பொங்கலுக்குள் எல்லாம் கறுப்பாகிவிட்டது. மிக்ஸி வெள்ளையில் பழுப்புப் பட்டையோடு வந்தது, பிறகு நீலப் பட்டையோடு. பிரிட்ஜில் முதலில் வெள்ளையும் வெளிர் பச்சையும். அப்புறம் அரக்குச் சிவப்பு வந்தது பாருங்கள், இரண்டு வருஷம் அதைத் தவிர வேறு எதையும் யாரும் தொடவில்லை. கல்யாணச் சீர் என்றால் சிவப்பு பிரிட்ஜ். அதன் கைப்பிடிக்கு உறை, தலைக்குப் பூப்போட்ட துணி, அதன் மேல் பிளாஸ்டிக் ரோஜா ஜாடி. கறுப்பில் டிவியைத் தவிர எது வந்தாலும் சீருக்கு எடுக்க மாட்டார்கள். நெல் வியாபாரி ஒருவர் வீட்டில், மருமகள் கொண்டுவந்த பிரிட்ஜ் பச்சை என்பதற்காக ஹால் சுவருக்கே பச்சை அடித்தார்கள்.

பிறகு வெள்ளி நிறம் வந்தது. கதவு வளைவாக, கைப்பிடி வெளியே தெரியாமல். கம்பெனிக்காரர் படப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். அதில் சிவப்பே இல்லை. "அதை நிறுத்தியாச்சு சார். இருக்கறத வித்துடுங்க," என்றார். ஒரு சிவப்புதான் மிச்சம் இருந்தது. வாசலிலிருந்து அதை உள்ளே நகர்த்தினோம்.

3

அந்தச் சிவப்பைத் தேடிக்கொண்டுதான் கன்னியம்மா வந்தார்.

எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருளர் குடும்பங்கள் கொஞ்சம் இருந்தன. ஓலைக் குடிசைகள். நடவு, களையெடுப்பு, கூலி வேலை, தண்ணீர் இருக்கும் மாதங்களில் ஏரி மீன். கன்னியம்மாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். காலையில் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் மீன் விற்பதைப் பார்த்திருக்கிறேன். மத்தியானம் கூடையை வெளியே வைத்துவிட்டுக் கடைக்குள் வந்தார். டெலிவரி பார்க்கும் சேகர், "ஏய், யாரு நீ, வெளியே போ," என்றான். அவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னிடம் வந்தார்.

"பாப்பா, வாசல்ல சேப்பா ஒண்ணு நின்னுக்கினு இருந்துச்சே, எங்க அது?"

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். மீன் மிஞ்சினால் மறுநாள் வரை தாங்குமா, ஐஸ் கட்டி எவ்வளவு நேரத்தில் ஆகும் என்று கேட்டார். மகளிர் குழுவில் சேர்ந்திருப்பதாகவும் அதிலிருந்து முன்பணம் கட்டிவிடுவதாகவும் சொன்னார்.

வழக்கமாகக் கேட்பதை நானும் கேட்டேன். "அக்கா, வூட்ல கரண்டு கீதா?"

"இல்ல. வாங்கிடுவேன்."

சேகர் சத்தமாகச் சிரித்தான். முதலாளிகூடச் சிரித்துவிட்டார். கன்னியம்மாவுக்கு முகம் மாறவில்லை.

"சிரிங்க. ஆனா இத்த மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க."

முதலாளி புதிதாக வந்த வெள்ளி நிறத்தைக் காட்டினார். அது வேண்டுமானால் எப்போது வந்தாலும் கிடைக்கும், இதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்று நல்ல மனதோடுதான் சொன்னார்.

"அது வேணாங்க. நான் கட்டிக்கினு கீற பொடவ ஒரு வூட்டுல குடுத்தது. எம் பொண்ணு போட்டுக்கினு கீற கவுனு இன்னொரு வூட்டுது. யாரோ புடிச்சி வாங்கின கலரத்தான் பொறந்ததுலருந்து கட்டிக்கினு கீறேன். இது ஒண்ணு எனுக்குப் புடிச்சதா இருக்கட்டும்."

முதலாளி என்னிடம் முன்பணத்துக்கு ரசீது எழுதச் சொன்னார். "கரண்டு வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்," என்றார்.

4

நடுவில் இங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். கனடாவில் எனக்கு முதல் வேலையே இந்தக் கடையில்தான் கிடைத்தது. முதல் நாள் ஒரு வயதான வெள்ளைக்காரர் வந்து, "ரேஞ்ச் பார்க்கணும்," என்றார். நம் ஊரில் ரேஞ்ச் என்றால் எவ்வளவு விலைக்குள் என்று அர்த்தம். "எந்த ரேஞ்ச் சார்?" என்றேன். "ரேஞ்ச்தான்," என்றார். "குறைவா, அதிகமா?" என்றேன். அவர் என் காதில் கோளாறு என்று நினைத்து உரக்கக் கத்தினார். இந்த ஊரில் அடுப்புக்குத்தான் ரேஞ்ச் என்று பெயர் என்பதை மேலாளர் லூசியா வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பெயரும் அப்படித்தான் ஆனது. நமக்கு ஒரே பெயர், முன்னால் அப்பா பெயரின் எழுத்து. இங்கே குடும்பப் பெயர் இல்லாமல் எந்த ஆபீஸிலும் எதுவும் நகராது. விசாவில் அப்பா பெயரை அந்த இடத்தில் போட்டுவிட்டார்கள். கடையில் கொடுத்த பெயர்ப் பட்டையிலும் அதுவே வந்தது. பெட்டி விற்கக் கூடாது என்று சொன்ன அப்பாவின் பெயரைத்தான் நெஞ்சில் குத்திக்கொண்டு இத்தனை வருஷமாகப் பெட்டி விற்கிறேன். போனில் அப்பாவிடம் சொன்னபோது, "நல்லா விக்கறியா?" என்று மட்டும் கேட்டார்.

இதை மாற்றித் தரச் சொல்லி ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கியபோதெல்லாம் எனக்குக் கன்னியம்மா ஞாபகம்தான். அவர் அலைந்ததற்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை.

5

கரண்டு இணைப்பு வேண்டுமென்றால் வீட்டுக்குப் பட்டா வேண்டும். குடிசைகள் இருந்தது ஏரிப் புறம்போக்கு. பட்டா வேண்டுமென்றால் வேறு இடம் ஒதுக்க வேண்டும். இடம் ஒதுக்க ஜாதிச் சான்று வேண்டும். சான்று வாங்க இருப்பிடச் சான்று வேண்டும். இருப்பிடத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், பட்டா.

எனக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. அன்றைக்கெல்லாம் கன்னியம்மாவோடு போனேன். மனு எழுதுவது என் வேலை, பேசுவது அவர் வேலை. அப்பாவுக்குத் தெரிந்ததும் வீட்டில் சண்டை வந்தது. "கல்யாணம் ஆவப் போற பொண்ணு, அவுங்களோட சேந்துக்கினு ஆபீசு ஆபீசா சுத்தறதா?" என்றார். கல்யாணம் ஆகும்வரை சுற்றுகிறேன் என்றேன். அம்மா குறுக்கே வந்து நிறுத்தினார்.

கன்னியம்மாவின் புருஷன் மாரியே நம்பவில்லை. "போதும் வுடு, பேஜாரு," என்றார். சில நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றும். கன்னியம்மா மட்டும் ஆபீஸை விட்டு வெளியே வந்ததும் டீ குடித்துவிட்டு, "அட்த்து எங்க போவணும், அத்தச் சொல்லு," என்பார்.

வருஷத்துக்கு ஒருமுறை தாலுகா ஆபீஸில் பெரிய அதிகாரி உட்கார்ந்து நேரடியாக மனு வாங்குவார். ஜமாபந்தி என்பார்கள். அன்றைக்குக் குடியிருப்பில் இருந்த எல்லாப் பெண்களையும் கன்னியம்மா கூட்டிவந்துவிட்டார். கைக்குழந்தைகளோடு வந்து வரிசையில் நின்றார்கள். வெயில் ஏறியும் யாரும் நகரவில்லை. எங்கள் முறை வந்ததும் அதிகாரி மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எதுக்கும்மா கரண்டு?"

புள்ளைங்க படிக்க என்று சொல்லச் சொல்லி நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். கன்னியம்மா, "பிரிட்ஜு எட்த்து வெச்சிருக்கேன் சார்," என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துக்கொண்டே, "முதல்ல லைட்டு கேளும்மா. அப்புறம் பிரிட்ஜ் பாக்கலாம்," என்றார்.

"லைட்டு கேட்டு எங்க மாமனார் காலத்துலருந்து எழுதிக் குடுத்துக்கினு கீறோம் சார். வரல. அதான் இந்த வாட்டி பிரிட்ஜுக்குக் கேக்கறேன்."

அதிகாரி மனுவை மறுபடி முதலிலிருந்து படித்தார். பழைய மனுக்களை எடுத்துவரச் சொன்னார். அவை வந்து சேரும் வரை பெண்கள் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கட்டு வந்தது, பழுப்பேறி. அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மேட்டுப் பக்கம் இருந்த தரிசில் இடம் அளக்க உத்தரவு எழுதினார். அளக்கும் தேதியையும் அந்த இடத்திலேயே சொல்ல வைத்தார் கன்னியம்மா. இல்லாவிட்டால் எழுந்திருக்க மாட்டோம் என்றார்.

6

இடம் அளந்து கல் நட்டார்கள். ஆனால் கரண்டுக் கம்பம் வரவில்லை. அதற்குள் எனக்குக் கல்யாணம் முடிந்து, முரளி கனடாவுக்குப் போய், என் விசாவும் வந்துவிட்டது. கிளம்புவதற்குச் சில வாரம் இருக்கும்போது ஒரு கல்யாண வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை வீட்டில் சிவப்பு பிரிட்ஜ்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு எங்கும் இல்லையாம். உள்ளே இருந்ததை எட்டிப் பார்த்துவிட்டார்கள். டிவி, வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று முழுச் சீரும் இங்கேயே எடுக்கிறோம், இதையும் சேர்த்துக் கொடுங்கள் என்றார்கள்.

முதலாளி என்னைப் பார்த்தார். "ஏம்மா தேவகி, அந்தம்மாவுக்கு இப்போதைக்குக் கரண்டு வர்றா மாதிரி தெரியல. வேற ஒண்ணு பாத்துக் குடுத்துக்கலாம்."

"அது வித்துப் போச்சு சார்," என்றேன், வந்தவர்கள் காதில் விழும்படி.

அவர் முகம் சிவந்தது. என்னைத் தனியே கூப்பிட்டார். "யாவாரம் யாருது, உன்னுதா என்னுதா?"

"உங்களுதுதான் சார். ரசீதும் உங்க பேர்லதான் எழுதினேன். முன்பணம் வாங்கிக்கினு இத்த வேற ஆளுக்குக் குடுத்தோம்னா, நாளைக்கு அந்தப் பக்கத்துலருந்து யாரு சார் நம்ம கடைக்கு வருவா? நான் போயிடுவேன். நீங்க இங்கதான இருக்கணும்."

அவர் வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். கல்யாண வீட்டாரிடம் வெள்ளி நிற பிரிட்ஜைத் திறந்து காட்டி, "இனிமே இதான் பேஷன்," என்று பேச ஆரம்பித்தார். அவர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. சீர் முழுக்க வேறு கடைக்குப் போனது. முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே சிவப்பு பிரிட்ஜின் மேல் பெரிய துணி ஒன்றைப் போர்த்திக் கட்டினார்.

நான் கனடா வந்து முதல் குளிர்காலத்தில், போன் கார்டு வாங்கிக் கடைக்குப் பேசினேன். "கரண்டு குட்த்துட்டாங்கம்மா. டெம்போவுல நானே கூடப் போயி எறக்கிட்டு வந்தேன்," என்றார் முதலாளி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்குக் குளிரவே இல்லை.

7

இந்த ஜூலையில் ஓவியாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் பேசுவது அவளுக்குப் பாதிதான் புரிகிறது. அவள் பேசுவது அவர்களுக்கு அதுகூட இல்லை. "தாத்தா வந்துச்சு," என்பாள். அப்பா திருத்த மாட்டார். அவருக்கு அவள் பேசினால் போதும்.

ஒரு நாள் காலை அவளோடு கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். மேட்டில் சின்னச் சின்னத் தளம் போட்ட வீடுகள். நுழைந்ததும் எதிரே சிவப்பு பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்ப்பக்கம் துரு ஏறி, கைப்பிடியில் கம்பி கட்டியிருந்தது. கன்னியம்மா உள்ளேயிருந்து ஐஸ் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். கொஞ்சம் மீன் வாசம் அடித்தது. ஓவியா முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள்.

பிறகு கன்னியம்மா தன் மகள் வள்ளியைப் பற்றிக் குறைப்பட ஆரம்பித்தார். வள்ளிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.

"இத்த எட்த்துக்கினு போடின்னா மாட்டேன்றா பாப்பா. இப்போ கதவு முச்சூடும் பூவு போட்டு வருதாம், அதான் வேணுமாம்."

அறை மூலையில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த வள்ளி திரும்பாமலே, "அது உனுக்குப் புடிச்சி எட்த்தது. எனுக்கு நான் சேத்து வாங்கிக்கறேன்," என்றாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கன்னியம்மாவைக் கேட்டேன்.

"இன்னா சொல்றது? மொதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் பாத்தா, நான் மட்டும் யாரு சொன்னதக் கேட்டேன்? வாங்கட்டும்."

ஓவியா தமிழைக் கூட்டிச் சேர்த்து ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க ஏன் சிவப்பு வாங்கிச்சு?"

"புடிச்சுது," என்றார் கன்னியம்மா. இன்னும் ஏதாவது சொல்வார் என்று ஓவியா காத்திருந்தாள். அவ்வளவுதான்.

பிறகு அவர் என்னைப் பார்த்து, "உங்க வூட்ல இன்னா கலரு பாப்பா?" என்று கேட்டார். வெள்ளை, அதுவும் ஒரு சிநேகிதர் விட்டுப்போனது என்றேன். நான் ஏதோ வேடிக்கை சொன்ன மாதிரி அவர் சிரித்தார்.

"ஊருக்கெல்லாம் பொட்டி விக்கற. உன் வூட்டுக்கு அட்த்தவங்க பொட்டியா?"

8

ஆகஸ்டில் சாவி கிடைத்த வாரம், மூவருமாக என் கடைக்கே போனோம். வாடிக்கையாளராக அந்தக் கதவில் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. முரளி நேராக எவர்சில்வர் வரிசைக்குப் போனார். நான் மேஜையிலிருந்த நிற அட்டையை எடுத்துவந்தேன். பழைய காலத்து வடிவத்தில், முனைகள் உருண்டு, தனியாகச் சொல்லிச் செய்து வாங்கும் பிரிட்ஜ். எந்த நிறமும் கிடைக்கும். சிவப்பைப் பார்த்தேன், பாலேட்டு மஞ்சளைப் பார்த்தேன். என் கண் வெளிர் நீலத்திலேயே போய் நின்றது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

லூசியா வந்தாள். தினமும் நான் மற்றவர்களிடம் சொல்வதை என்னிடமே சொன்னாள். சொல்லிச் செய்யும் நிறத்தைத் திருப்பி எடுக்க மாட்டோம், நன்றாக யோசித்துவிட்டாயா என்று கேட்டாள். யோசித்தாயிற்று என்றேன்.

ஓவியா அட்டையை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எமிலி சிரிக்கும்மா," என்றாள். கொஞ்சம் கழித்து, "சிரிச்சா பரவால்ல," என்றாள். தன் அறைக்குச் சுவர் நிறத்தைத் தானே எடுப்பதாகவும் சொல்லிவைத்தாள். சரி என்றேன்.

முரளி தயங்கிக்கொண்டு நின்றார். "நல்லாத்தான் இருக்கு தேவகி. ஆனா நாளைக்கு வீட்டை விக்கும்போது, வர்றவங்க இதைப் பாத்துட்டு என்ன நினைப்பாங்க?"

பத்து வருஷமாக எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்விதான். திரும்பிப் போகும்போது இந்தக் கட்டிலை என்ன செய்வது, ஊர் மாறினால் இந்த அலமாரி எதற்கு, யாரோ வந்து பார்க்கும்போது சுவரில் ஆணி எதற்கு. வரப்போகிற யாருக்காகவோதான் இதுவரை குடித்தனம் செய்திருக்கிறோம்.

"ஏங்க, நான் இந்த வீட்டை விக்கறதுக்கு வரல," என்றேன். "இருக்கப் போறேன்."

சொன்ன பிறகுதான், இதை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை என்று தெரிந்தது. முரளி அட்டையை ஓவியாவிடமிருந்து வாங்கி லூசியாவிடம் நீட்டி, வெளிர் நீலத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.